சாட்சியின் முகவரி

புதுச்சேரி வனத்துறையில் வேலை என்று சொன்னதும் எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். "புதுச்சேரியில ஏதுங்க காடு?" பெண் பார்க்கப் போன வீட்டில் மாமனார் ஆக வேண்டியவர் கேட்டார். வண்டிக் கடனுக்குப் போன இடத்தில் மேலாளர் கேட்டார். நானும் ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தேன்: "காடு கம்மிதாங்க. கடல் இருக்குதே." அதையும் வேடிக்கைப் பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் என் சர்வீஸில் பாதிக்கு மேல் பூட்ஸுக்குள் மணலோடுதான் கழிந்திருக்கிறது.

நான் பிறந்தது பிள்ளைச்சாவடியில். புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் கோட்டக்குப்பம், முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் எல்லாம் தமிழ்நாடு. அடுத்த ஊர் பிள்ளைச்சாவடி, திரும்பவும் புதுச்சேரி. காலாப்பட்டு தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் மறுபடியும் தமிழ்நாடு. பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் சண்டை போட்டுக் கிழித்துக்கொண்ட துணியில் எங்களுக்கு வந்தது ஒரு ஒட்டுத் துண்டு. மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் வங்கக் கடல். வெளியூர்க்காரர்கள் எங்கள் ஊர்ப் பெயரைக் கேள்விப்பட்டிருந்தால் அது பொறியியல் கல்லூரியால்தான். இப்போது அது புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். அந்தக் கல்லூரிக் குடியிருப்புக்குள் என் அம்மா மீன் கூடையோடு போய் வந்தாள். நான் அந்த வாசலை மிதித்ததில்லை.

பங்குனி ஆமையின் முட்டையை நானும் தின்றிருக்கிறேன். இதை மறைத்துவிட்டு மற்றதை எழுத எனக்கு மனசு வரவில்லை. தை, மாசியில் ராத்திரி நேரம் ஆமை கரையேறும். விடிவதற்கு முன் கரைக்குப் போகும் பையன்கள் நாங்கள், மணலில் டிராக்டர் சக்கரம் உருண்டதுபோல் ஒரு தடம் தெரிந்தால், அது மேட்டில் போய் முடியும் இடத்தைக் கையால் தோண்டுவோம். ஒரு முழ ஆழத்தில் நூறு, நூற்றிருபது முட்டை இருக்கும். பிங்பாங் பந்து அளவு. ஓடு மட்டும் தோல்போல அமுங்கும். அம்மா அவித்துக் கொடுப்பாள். எவ்வளவு நேரம் கொதித்தாலும் மஞ்சள் கருதான் கட்டியாகும், வெள்ளை கடைசிவரை கொழகொழவென்றே கிடக்கும். ஓட்டில் ஓட்டை போட்டு உறிஞ்சிக்கொள்வோம். இது 1972-ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், புலிக்கு இருக்கிற முதல் அட்டவணையில்தான் இந்த ஆமையும் இருக்கிறது என்பதெல்லாம் எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது.

என் தாய்மாமன் மட்டும் அதைத் தொடமாட்டார். சாமி காரியமா என்று கேட்டேன். "சாமியும் இல்ல பூதமும் இல்லடா மருமவனே. நடுக்கடல்ல ஒத்தையில வலை போட்டுக் குந்தினு இருக்கும்போது பக்கத்துல வந்து புஸ்ஸுனு மூச்சு வுடும். பேச்சுத் தொணை மாதிரி. அத எப்பிடித் தின்றது?" என்றார்.

பிளஸ் டூ முடித்துவிட்டு ஐந்து வருடம் அந்த மாமாவோடுதான் கடலுக்குப் போனேன். வனத்துறைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது விண்ணப்பம் போட்டதற்குப் பெரிய லட்சியம் ஒன்றும் காரணமில்லை. மாதச் சம்பளம். வனப் பணித் தேர்வுகளில் ஆண்களுக்கு 4 மணி நேரத்தில் 25 கிலோமீட்டர் நடக்கச் சொல்வது வழக்கம். மணலில் வலை சுமந்து நடந்த காலுக்குத் தார்ச்சாலை ஒரு விளையாட்டு. எழுத்துத் தேர்வுதான் மூச்சு வாங்க வைத்தது.

பயிற்சிக்கு மலைப்பக்கம் அனுப்பினார்கள். அங்கே யானைச் சாணத்துக்குள் விரல் விட்டுச் சூடு பார்த்து, கூட்டம் போய் எவ்வளவு நேரம் இருக்கும் என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். சிறுத்தைக் காலடியில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி அச்சு எடுத்தேன். கடற்கரையில் அதற்கெல்லாம் வேலையில்லை. அங்கிருந்து கொண்டுவந்ததில் இன்றுவரை சோறு போடுவது ஒரே ஒரு பாடம், மகஜர் எழுதுவது.

மகஜர் என்றால் ஊர்மக்கள் கலெக்டரிடம் கொடுக்கும் மனுவைச் சொல்லவில்லை. ஒரு பொருளைக் கைப்பற்றும்போது அந்த இடத்திலேயே உட்கார்ந்து எழுதும் ஆவணம். எந்தத் தேதி, எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடித்தோம், எந்த இடம், அதன் நான்கு எல்லை என்ன, என்ன பொருள், எத்தனை, என்ன எடை, யாரிடமிருந்து, யார் முன்னிலையில். எங்களுக்குப் பாடம் எடுத்த வயதான ரேஞ்சர் ஒருநாள் மேசையில் இருந்த டீ டம்ளரைக் காட்டி, "இதைக் கைப்பற்றி மகஜர் எழுதுங்கடா" என்றார். முப்பது பேர் எழுதினோம். ஒவ்வொன்றையும் கையில் வைத்துக்கொண்டு வக்கீல் மாதிரி கேள்வி கேட்டார். "டம்ளர்ல டீ இருந்துச்சா, காலியா? எழுதலையே. விளிம்புல கீறல் இருக்கு பாரு. அதை எழுதலைன்னா, கோர்ட்ல இருக்கிறது வேற டம்ளர்னு சொல்லுவான். நீ என்ன பதில் வச்சிருக்க?" முப்பது பேரும் தோற்றோம்.

தோற்றது பயிற்சியோடு போகவில்லை. என் முதல் வழக்கு ஊசுட்டேரியில். புதுச்சேரிக்கு மேற்கே இருக்கும் அந்தப் பெரிய ஏரியில் எங்கள் பக்கத்துப் பகுதி 2008-இல் பறவைகள் சரணாலயம் ஆனது. ஏரியின் மறுபாதி தமிழ்நாடு. ஒரு மார்கழி விடியலில், சாக்கில் பதினொரு பறவைகளோடு ஒருவனைப் பிடித்தோம். இறகெல்லாம் பிடுங்கி, சாலையோரக் கடைக்குப் போகத் தயாராக இருந்தன. "என்னடா பறவை?" என்றேன். "நாமக்கோழி சார்" என்றான். நானும் "நாமக்கோழி 11" என்று எழுதிவிட்டேன். சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் கிடைக்காமல், கூட வந்த ஜீப் டிரைவரையும் ஒரு தினக்கூலி ஊழியரையும் போட வைத்தேன்.

கால்நடை மருத்துவர் பறவையின் காலைப் பார்த்திருக்கிறார். நாமக்கோழிக்கு விரல்களின் ஓரத்தில் இலைபோல மடல் மடலாகத் தோல் விரிந்திருக்கும், நீந்துவதற்காக. சாக்கில் இருந்தவற்றுக்கு மடல் இல்லாமல் நீள நீளமாக விரல்கள். நீலத் தாழைக்கோழி. அவர் அறிக்கையில் ஒரு பறவை, என் மகஜரில் வேறு பறவை. எதிர்த்தரப்பு வக்கீல் இரண்டே கேள்விதான் கேட்டார். எந்தப் பறவைக்காக என் கட்சிக்காரர் மேல் வழக்கு? சாட்சிகள் இருவரும் யாரிடம் சம்பளம் வாங்குகிறார்கள்? அவன் விடுதலையாகிப் போனான். குற்றம் முழுக்க என்னுடையது. பிடித்த கையில் இருந்த பெருமை, எழுதிய கையில் இல்லாமல் போனது. அன்றிலிருந்து பிடுங்கிய பறவை கையில் வந்தால் முதலில் காலைத்தான் பார்ப்பேன்.

இந்த வேலைக்குள் வந்த பிறகுதான், எங்கள் நாட்டில் 'மீன் மற்றும் வனவிலங்குக் காவல் அதிகாரி' என்று ஒருவர் இல்லவே இல்லை என்பது உறைத்தது. அமெரிக்காவில் கேம் வார்டன் என்று ஒருவர் இருக்கிறார். தூண்டில் உரிமம் பார்ப்பதும் அவரே, மான் வேட்டைக்காரனைப் பிடிப்பதும் அவரே. இங்கே கடலைப் பங்கு போட்டு வைத்திருக்கிறோம். மீனும் வலையும் படகும் மீன்வளத் துறைக்கு. அவர்கள் கையில் 2008-ஆம் வருடத்துப் புதுச்சேரி கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம். ஆமை, ஓங்கல், கடல் குதிரை, கடல் அட்டை, திமிங்கலச் சுறா எங்களுக்கு. ஆகவே, செத்து ஒதுங்கிய ஆமை வனத்துறையின் சொத்து. அதைக் கொன்ற வலை அடுத்த துறையின் கோப்பு. இரண்டையும் ஒரே காகிதத்தில் சேர்ப்பது யார் என்று கேட்டால், எனக்கு வாய்த்த மீன்வளத் துறை நண்பர் ஒருவரும் நானும் டீக்கடையில் உட்கார்ந்து சேர்த்தால்தான் உண்டு.

ஆமை சாவதன் கணக்கு எளிது. அது மீனில்லை, மேலே வந்து மூச்சு விட்டாக வேண்டும். வலையில் மாட்டித் திமிறும்போது அடியில் நெடுநேரம் தாங்காது. விசைப்படகின் இழுவை மடி கடலடியில் இரண்டு மணி, மூன்று மணி நேரம் தொடர்ந்து இழுபடும். உள்ளே மாட்டிய ஆமை மடி மேலே வருவதற்குள் மூச்சடைத்துச் செத்துவிடும். கண் பிதுங்கி, கழுத்து வீங்கி, மூக்கில் ரத்தம் கசிந்த ஆமை கரையில் கிடந்தால் சாவு எப்படி வந்தது என்று ஊகிக்க அதிக நேரம் ஆகாது. இதைத் தடுக்க, மடியின் கழுத்தில் ஒரு கம்பிச் சட்டம் பொருத்தலாம். மீனும் இறாலும் கம்பிகளுக்கு நடுவே உள்ளே போய்விடும், ஆமை கம்பியில் மோதி மேலே உள்ள வாசல் வழியாக வெளியேறும். கொச்சியில் இருக்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் கடலுக்கென்றே ஒன்றை வடிவமைத்திருக்கிறது. பொருத்துகிறவர்கள் குறைவு, அந்த வாசல் வழியாக மீனும் போய்விடும் என்ற பயம். நம் கடலில் வலைபோட்டுப் பிடித்த இறாலை அமெரிக்கா 2019 முதல் வாங்காமல் இருப்பதற்கு இந்தக் கம்பிச் சட்டம் இல்லாததே காரணம்.

கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அது மீனின் இனப்பெருக்கத்துக்காக வைத்தது. ஆமை முட்டையிட வருவதோ தையிலிருந்து பங்குனி வரை. தடை தொடங்கும்போது எங்கள் ஆமை பெரும்பாலும் வந்து போயிருக்கும், அல்லது செத்து ஒதுங்கியிருக்கும்.

ஒரு மாசி மாதம், பொம்மையார்பாளையத்துக்கும் பிள்ளைச்சாவடிக்கும் நடுவில் ஒரு ஆமை செத்துக் கிடப்பதாகத் தகவல் வந்தது. எங்கள் நடைமுறை, ஓட்டின் நீளத்தை டேப்பால் அளப்பது, ஆணா பெண்ணா என்று பார்ப்பது, படம் எடுப்பது, இடத்தைக் குறிப்பது, திரும்பக் கணக்கில் வராமல் இருக்க ஓட்டில் பெயிண்ட் அடிப்பது, புதைப்பது. நான் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பக்கத்து வனக்காப்பாளரும் வந்திருந்தார். எல்லை சரியாக எங்கே என்று இருவரும் தேடினோம். மேலே தெருவில் எல்லை இருக்கிறது, மணலில் இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு அலை ஆமையைத் தூக்கி வடக்கே பத்தடி தள்ளிப் போட்டது. "அண்ணே, இப்ப உங்க ஆமை" என்றார் அவர் சிரித்துக்கொண்டே. அவர் டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க, நான் மறுமுனையைப் பிடித்து அளந்தேன். எங்கள் எல்லைச் சோதனைச் சாவடிகளில் ஒவ்வொரு வண்டியிலும் மது பாட்டில் தேடுவார்கள். இந்தக் கரையில் இரண்டு அரசாங்கத்துக்கும் நடுவில் இருந்த ஒரே சோதனைச் சாவடி நாங்கள் இரண்டு பேர்தான்.

இப்போது சாட்சி விஷயத்துக்கு வருகிறேன். தேடுதலுக்கும் பறிமுதலுக்கும் சட்டம் கேட்கும் சாட்சி எப்படிப்பட்டவர் தெரியுமா? அந்த வட்டாரத்தில் குடியிருப்பவராக இருக்க வேண்டும், சுதந்திரமானவராகவும் மதிப்புள்ளவராகவும் இருக்க வேண்டும், இரண்டு பேர் வேண்டும். மீனவர் தெருவில் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அண்ணன் இல்லாவிட்டால் பங்காளி, பங்காளி இல்லாவிட்டால் சம்பந்தி. பிடிபடுகிறவனும் பிடிக்கிறவனும் சாட்சியும் ஒரே தேர்க் கயிற்றை இழுத்தவர்கள். அதற்கு மேல் ஊர்ப் பஞ்சாயத்து. வலைத் தகராறிலிருந்து கல்யாணத் தகராறுவரை அங்கேதான் தீரும். ஊரைக் கேட்காமல் வெளிக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவது சின்ன விஷயம் இல்லை. அவர்களுக்குத் தெரிந்தவரையில், கையெழுத்துப் போட்டவன்தான் நாளைக்கு வேலையை விட்டுவிட்டுக் கோர்ட்டுக்கு நடக்க வேண்டும். பெரிய சிறை வேறு பக்கத்து ஊரான காலாப்பட்டிலேயே இருக்கிறது. கடலுக்குப் போய் வரும் வழியில் தெரியும் சுவர் அது.

இதில் என் பங்கு ஒன்று இருந்தது, சீருடை. அதைப் போட்ட நாளிலிருந்து மாமா என்னை "வாடா" என்று கூப்பிடவில்லை. "வாங்க சார்" என்றார். முதலில் கிண்டல் என்று நினைத்தேன். லுங்கியோடு வீட்டுக்குப் போனாலும் "வாங்க சார், குந்துங்க" என்றபோதுதான் புரிந்தது. மருமகனாக இருந்தால் என்னிடம் கடல் செய்தி சொல்லலாம். சாருக்குச் சொன்னால் காட்டிக்கொடுத்தது ஆகும். அந்த ஒரு சொல்லால் தன்னையும் என்னையும் காப்பாற்றிக்கொண்டார்.

ஒரு தடவை அவருடைய திருக்கை வலையில் ஆமை ஒன்று உயிரோடு சுற்றிக்கொண்டு கரைக்கு வந்துவிட்டது. முன் துடுப்பு இரண்டிலும் நரம்பு இறுகி வெட்டியிருந்தது. நான் கத்தி வாங்கி அறுத்தேன். ஒவ்வொரு கண்ணியாகத்தான் அறுக்க முடியும். அவசரப்பட்டால் துடுப்பில் படும். இருபது நிமிடத்தில் நல்ல வலையில் ஆள் நுழையும் அளவு ஓட்டை. ஆமையை நான்கு பேர் தூக்கித் தண்ணீரில் விட்டோம். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். மாமா வலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஆமைக்குச் சட்டம் இருக்குது சார். வலைக்கு இன்னா இருக்குது?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. குஜராத் கரையில் திமிங்கலச் சுறாவை விடுவிக்க வலையை அறுத்தால் அரசு இழப்பீடு கொடுக்கிறது என்று படித்திருக்கிறேன், அதைச் சொல்லவும் கூச்சமாக இருந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து அந்த வலையைப் பின்னிக் கொடுத்தேன். ஊசி பிடிக்க விரல் மறக்கவில்லை. ஆனாலும் "சார்" போகவில்லை.

அந்த வாசலையும் சொல்ல வேண்டும். 1980-களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் அலைத்தடுப்புச் சுவர் கட்டினார்கள். இந்தக் கரையில் வருடத்தில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே பயணம் போகும். சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே கரை பசியெடுத்து நிலத்தைத் தின்றது. முதலில் குருசுக்குப்பம், வைத்திக்குப்பம். பிறகு ஒவ்வொரு ஊராக வடக்கே நகர்ந்து எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது. கல் கொட்டினால் அந்த ஊர் நிற்கும், அரிப்பு அதற்கு அடுத்த ஊருக்குப் போகும். மாமா வீட்டுத் தென்னை இரண்டும் முதலில் போயின. 2011 டிசம்பர் 30 அன்று அடித்த தானே புயலில் திண்ணை போனது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வந்தபோது அடுப்படியும் போய், சாலைக்கு மேற்கே வாடகை வீட்டுக்கு நகர்ந்தார்.

ஆமைக்கும் அதே கதிதான். தான் பிறந்த கரைப்பகுதியைத் தேடி வரும் ஜீவன், முட்டையிட மணல்மேடு இல்லாமல் கருங்கல்லில் மோதித் திரும்புகிறது. சில பகுதிகளில் நாங்கள் தடம் தேடுவதையே விட்டுவிட்டோம். தடம் பதிய மணல் வேண்டுமே.

2025 ஜனவரி. சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கிய மாதம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டில் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள், அதாவது சுமார் 9 கிலோமீட்டருக்குள், விசைப்படகு இழுவை மடி போடக்கூடாது என்ற விதி பற்றி எல்லாரும் பேசினார்கள். எங்கள் பக்கமும் ஆமைகள் ஒதுங்கின. நான் அளந்து, பெயிண்ட் அடித்து, புதைத்துக்கொண்டிருந்தேன். எத்தனை என்று எழுத முடிந்தது, யார் என்று எழுத முடியவில்லை.

ஒரு விடியற்காலை நாலரை மணிக்கு போன். மாமா.

"கரைக்கு வா. காலாப்பட்டுக்குப் போகாத, நம்ம பழைய வூட்டாண்ட வா."

'வா' என்றதைத் தூக்கக் கலக்கத்தில் நான் கவனிக்கவில்லை.

போனபோது ஃபைபர் படகு கரையேறியிருந்தது. பக்கத்தில் ஒரு பெண் ஆமை, மூக்கில் ரத்தம். மாமா அதைத் தொடாமல் இரண்டடி தள்ளி நின்றிருந்தார். ராத்திரி கரையோரமாக இழுத்துக்கொண்டு வந்த விசைப்படகு ஒன்று அவர் வலைமேல் ஏறிப் போயிருக்கிறது. கத்திக்கொண்டே துரத்திப் போனவர், மடியைத் தூக்கி அவர்கள் மூன்று ஆமைகளைத் தூக்கி எறிவதைப் பார்த்திருக்கிறார். டார்ச் அடித்துப் படகு எண்ணைப் படித்திருக்கிறார். மிதந்த ஒன்றைக் கொக்கி போட்டு ஏற்றி வந்திருக்கிறார். கிழிந்த வலை படகுக்குள் ஈரமாகக் கிடந்தது.

"இத நான் ஏத்திக்கினு வந்தேன்னு எழுதுனா என்னையே உள்ள வச்சிருவியா?" என்றார்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. முதல் அட்டவணை விலங்கு யாரிடம் இருக்கிறதோ, அவர்தான் தன் மேல் தப்பில்லை என்று நிரூபிக்க வேண்டும் என்பது எங்கள் சட்டத்தின் பலம். 3 வருடத்துக்குக் குறையாமல் 7 வருடம் வரை சிறை, அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. வேட்டைக்காரனை மடக்க எழுதிய அந்தப் பலம்தான் மீனவனை வாய் மூட வைக்கிறது. செத்த ஆமையைக் கண்டால் கண்டுகொள்ளாமல் போவதுதான் புத்திசாலித்தனம் என்று கரை முழுக்கக் கற்றுவைத்திருக்கிறோம். மகஜரின் முதல் வரியிலேயே, தகவல் சொல்லி ஒப்படைத்தவர் இவர் என்று எழுதப்போகிறேன், படித்துக் காட்டுகிறேன் என்றேன். மீன்வளத் துறை நண்பரையும் போனில் எழுப்பினேன்.

இந்த வேலைக்கு வர நினைக்கும் பிள்ளைகள் என்னிடம் என்ன படிக்க வேண்டும் என்று கேட்பதுண்டு. சட்டத்தைப் படியுங்கள், 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் ஆறு அட்டவணை நான்காகிவிட்டது, பழைய புத்தகம் உதவாது. 2024 ஜூலையில் புதிய குற்றவியல் சட்டங்கள் வந்த பிறகு பறிமுதலை வீடியோவும் எடுக்க வேண்டும், போனில் சார்ஜ் வைத்திருங்கள். பறவையின் காலைப் பாருங்கள், ஆமையின் மூக்கைப் பாருங்கள். அதெல்லாம் ஒரு வருடத்தில் வந்துவிடும். நாலரை மணிக்கு உங்கள் எண்ணைத் தேடி அழுத்தும் ஒருவரைக் கரையில் சம்பாதிப்பதற்கு எனக்கு இருபத்தைந்து வருடம் ஆனது.

ஆமைமேல் உள்ள பாசத்தில்தான் மாமா சாட்சி சொல்ல வந்தார் என்று எழுதினால் கதை அழகாக இருக்கும். நானே அப்படிக் கேட்டுவிட்டேன். "போடா. அவன் என் வலையக் கிழிச்சான். ஆமையக் கொன்னான். ரெண்டும் ஒரே மடி. உங்க ரெண்டு ஆபீசுக்குந்தான் அது ரெண்டு கேசு" என்றார். அந்தப் படகின் மேல் மீன்வளத் துறை தன் சட்டப்படி நடவடிக்கை எடுத்தது; எங்கள் வழக்கு நடந்துகொண்டிருக்கிறது, ஆகையால் அதைப் பற்றி இதற்கு மேல் எழுதக்கூடாது.

அன்று கருங்கல்மேல் பலகை வைத்து மகஜர் எழுத உட்கார்ந்தேன். ஊர்ப் பஞ்சாயத்தைச் சேர்ந்த ஒருவர் இரண்டாவது சாட்சியாக வந்து நின்றார். மாமாதான் அவரையும் எழுப்பிக் கூட்டி வந்திருக்கிறார். நேரம் 5.40. ஓட்டின் நீளம் 68 சென்டிமீட்டர். கிழக்கே வங்கக் கடல். வடக்கே படகு நிறுத்தும் இடம். மேற்கே கருங்கல் கரை. இடத்தை எப்படிக் குறிப்பது என்று யோசித்தபோது மாமா ஆமை கிடந்த இடத்தைக் காட்டி, "உங்க அத்த அடுப்பு இருந்த எடம் இது" என்றார். பார்த்தேன். சரிதான். நான் வலை பின்னிய வாசல் இப்போது அலைக்குள் இருந்தது.

சாட்சியின் பெயர். தகப்பனார் பெயர். வயது. முகவரி என்ற இடத்தில் பேனா நின்றது. அவருடைய எல்லா அட்டையிலும் பழைய கதவு எண்தான் இருக்கிறது. வாடகை வீட்டுக்கு எந்தச் சான்றும் இல்லை. அந்த வட்டாரத்தில் குடியிருப்பவர் என்று சட்டம் கேட்கிறது, வட்டாரம் தண்ணீருக்கடியில். நாளைக்கு ஒரு வக்கீல், சாட்சி சொன்ன முகவரியில் வீடே இல்லை என்று எழுந்து நிற்பாரே என்று எனக்குள் பயிற்சிக் காலத்து ரேஞ்சர் கேட்டார்.

"இன்னாடா யோசிக்கிற? பழைய நம்பரையே எழுது" என்றார் மாமா. "சம்மன் வந்தா தபால்காரன் ஒரு படகு வாங்கிக்கினு வரட்டும்."

எழுதினேன். கீழே ஒரு வரி சேர்த்தேன்: மேற்படி வீடு கடல் அரிப்பில் போய்விட்டபடியால் சாட்சி தற்சமயம் அதே ஊரில் மேற்குப் பக்கம் குடியிருக்கிறார். முழுவதையும் படித்துக் காட்டினேன். மாமா உப்பு ஈரம் போகக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, எழுத்து எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார்.